ஷேர் பண்ற இடம்

குடிக்கப் போன காலமெல்லாம் தேவஸ்ஸி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். குடியை விடப் போகிற அன்றைக்குத்தான் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைக்க வேண்டியதாயிற்று. யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம். சர்ச் பெருநாள் ஊர்வலத்தில் பேண்டு வாசித்துப் போகையில் கிளாரினெட்டும் கையுமாகச் சாக்கடைக்குள் விழுந்தபோது போகாத மானம்!

மனைவி ரோசிலி நர்ஸ். வார்த்தையை வீணாக்குகிற ஆள் இல்லை. மத்தியானம் டூட்டிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டாள்.

"குடியை விட்டவங்க கூடுற இடம் ஒண்ணு நம்ம திருச்சூர்லயே இருக்கு. வட்டமா உக்காந்து ஷேர் பண்ணுவாங்க. இன்னிக்குச் சாயந்திரம் அங்க போறீங்க. போகலைன்னா நாளைக்கு நான் சாலக்குடிக்கு, எங்க அண்ணன் வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்."

"எங்க இருக்குன்னு சொல்லுடி."

"பிராந்திக் கடைக்கு நானா வழி சொன்னேன்? இதையும் நீங்களே கண்டுபிடிங்க."

கட்டில்மேல் அவள் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ரோசிலி இல்லாத வீட்டைத் தேவஸ்ஸியால் நினைத்தே பார்க்க முடியவில்லை. சாயந்திரம் ஆனதும் ஓர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க சேட்டா?" என்றான் டிரைவர்.

உள்ளதைச் சொல்ல நாக்கு வளையவில்லை. "அதான்... நாலு பேர் கூடி ஷேர் பண்ணுவாங்களே... அந்த இடம்."

"அட, இதைச் சொல்ல எதுக்கு இவ்வளவு வெக்கம்? இந்நேரத்துக்குக் கூட்டம் நல்லாவே இருக்கும். கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

ஆட்டோ போய் நின்றது சர்க்கார் மதுக்கடை வாசலில். டிரைவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஊரில் ஷேர் என்றால் மூன்று பேர் காசு போட்டு ஒரு புட்டி வாங்குவது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. நடுவிலிருந்து ஒரு கை ஆடியது. அவருடைய பேண்டு செட்டில் டிரம் அடிக்கிற வறீது.

"வாடா தேவஸ்ஸீ! கர்த்தரே அனுப்பி வெச்ச மாதிரி வந்துட்ட. ரெண்டு பேர் இருக்கோம், ஒரு ஷேர் குறையுது!"

தேவஸ்ஸியின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. நாக்கில் எச்சில் ஊறியது. ஒரே ஒரு ரவுண்டு, அப்புறம் அங்கே போனால் போயிற்று என்று மனசு கணக்குப் போட்டது. எத்தனையோ தடவை போட்ட அதே பாழாய்ப்போன கணக்கு. கட்டில்மேல் இருந்த பெட்டி கண்முன் வந்து நின்றது.

"இல்லடா. குடியை விடறவங்க கூட்டத்துக்குப் போகணும் நான். வழி தெரியல!"

இவ்வளவு சத்தமாகச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சர்ச்சோட பழைய பாரிஷ் ஹாலு, மாடியில!"

"முன்வாசல் பூட்டியிருக்கும். பின்பக்கம் படி இருக்கு!"

"சுடச்சுடப் பழம்பொரி தருவாங்க," என்றார் ஒரு கண்ணாடிக்காரர், பெருமூச்சோடு.

அத்தனை பேருக்கும் வழி மனப்பாடம். ஆனால் ஒருத்தர்கூட வரிசையை விட்டு நகரவில்லை. வறீது மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். "போயிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுடா."

மாடியில் வட்டமாக நாற்காலிகள். போஸ்ட்மேன் லோனப்பன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க யாரையும் எந்த வீடு, என்ன வேலைன்னு கேக்கமாட்டோம். பேர் மட்டும் போதும். உக்காருங்க, கிளாரினெட் தேவஸ்ஸி சேட்டா."

நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வந்தது, டீ வந்தது. அப்புறம் லோனப்பன் கேட்டார். "இன்னிக்கு நீங்க ஷேர் பண்றீங்களா?"

தேவஸ்ஸி சட்டென்று ஒரு நோட்டை உருவி நீட்டினார். "ஒரு ஷேர் எவ்வளவு வருது?"

வட்டமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. லோனப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் முதல் நாள் இதேதான் பண்ணேன். காசை உள்ள வைங்க. இங்க மனசுல கெடக்கறதை எடுத்துப் போட்டாப் போதும்" என்றார்.

தேவஸ்ஸி எழுந்து நின்றார். "என் பேரு தேவஸ்ஸி." அதற்கு அடுத்த சொல்லைச் சொல்வதைவிடக் காசு போடுவது எவ்வளவோ சுலபம். படியிறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. குடிக்கிறவர்களின் வீட்டார் கூடுகிற அறை அது என்று அப்புறம்தான் அவருக்குத் தெரியும். ஆனால் குரல் யாருடையது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"என் பேரு ரோசிலி. புதன்கிழமையானா டூட்டின்னு பொய் சொல்லிட்டுத்தான் இங்க வந்துட்டிருக்கேன். இன்னிக்கு அவரும் வரணும். மெரட்டுறதுக்குப் பெட்டியெல்லாம் கட்டி வெச்சேன். ஆனா எனக்குப் போக மனசே இல்ல. வராம இருந்துட்டா போய்த்தானே ஆகணும்? பயமா இருக்கு."

பயம் என்ற சொல்லை வீட்டில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தேவஸ்ஸி தடுப்பைப் பார்த்துத் திரும்பினார். கிளாரினெட் ஊதிப் பழகிய மூச்சு முழுவதையும் திரட்டினார்.

"வந்துட்டேன்டி ரோசிலீ!"

தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் குடிகாரன்டி," என்றார், இப்போது மெதுவாக. "வந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தடுப்புக்கு மிகப் பக்கத்திலிருந்து ரோசிலியின் குரல் வந்தது.

"ஊரைக் கூட்டாதீங்க. உக்காந்து மிச்சத்தையும் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."