முப்பதாவது நோன்பு

விடிந்ததும் ஸுஹைர் கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளிக் குசினித் தொட்டியை நிரப்பினான். முற்றத்தைக் கூட்டினான். சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தான். கடற்படை டொக்யாட்டுக்கு வேலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் காற்சட்டையை ஸ்திரி போட்டுக் கதிரையின் முதுகில் விரித்தான். மனைவி றஹ்மா பாயோடு கிடந்த ஏழு வாரமும் இதுதான் ஒழுங்கு. அன்றைக்கு ஒன்றை மட்டும் கூடச் செய்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பிடி அரிசியில் கஞ்சி வைத்தான். பிறகு தேத்தண்ணி ஊற்றினான். அந்த நோன்பு மாதத்தில், விடிந்த பிறகு அந்தக் குசினியில் அடுப்பு எரிந்தது அதுதான் முதல் தடவை.

முந்திய மாலை பெருநாள் பிறை தென்படவில்லை. துறைமுகத்து மேற்கு வானத்தைப் பார்த்து நின்றவர்களில் அவனும் ஒருவன். ஆகவே அன்றைக்கு முப்பதாவது நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது றஹ்மா இரண்டு மிடறு தண்ணீரோடு போதும் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்குச் சிறுநீரகம் பழுது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மருந்து உள்ளே போக வேண்டும் என்று பாக்கியரத்தினம் டொக்டர் நோன்பு மாதம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். ஸுஹைர் நேரே பள்ளிவாசலுக்குப் போய்க் கலீலுர் றஹ்மான் மௌலவியைக் கண்டான். நோன்பை விடுவதற்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவரின் சொல்தான் வேண்டுமென்று மார்க்கக் கிதாபில் இருக்கிறது, ஆனால் பாக்கியரத்தினம் பொய் சொல்லும் ஆளில்லை, விடலாம் என்றார் மௌலவி. அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து அதைச் சொன்னான்.

றஹ்மா சுவரோடு சாய்ந்து இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“விடலாம் எண்டுதானே சொல்லியிருக்கார். விடு எண்டு சொல்லல்லையே. அப்ப முடிவு என்ட.”

“றஹ்மா, டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கதானே.”

“கேட்டனான். போன வருஷம் புள்ள தங்காமப் போன மாசம் ஒரு நோன்பும் பிடிக்கல்ல. இதையும் விட்டுட்டா பிறகு எனக்கு எண்டு என்ன இருக்கு?”

ஒரு நாளும் விடாமல் அவள் பிடித்தாள்.

டொக்யாட்டில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் லெவின் துரை ஒரு யூதர். கடற்படைக்காரர் வைக்கும் விருந்துகளில், அந்தக் கந்தோரிலிருந்து பன்றி இறைச்சித் தட்டைத் தொடாமல் தள்ளிவிடுகிறவர்கள் அவரும் ஸுஹைரும்தான். அந்த வகையில் இருவருக்கும் ஒரு பழக்கம். பதினைந்தாம் நோன்பன்று, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று துரை கேட்டார். அவன் சொன்னான். தங்களுக்கும் ஆண்டில் ஒரு பெரிய நோன்பு உண்டு என்றார் அவர். அன்றைக்கு நோயாளி தனக்குச் சாப்பாடு வேண்டும் என்றால், நூறு வைத்தியர் தேவையில்லை என்றாலும் கொடுத்துவிட வேண்டுமாம். தன் உடம்பு தனக்குத்தான் தெரியும்.

வைத்தியர் வேண்டுமென்று சொல்லி, நோயாளி வேண்டாமென்றால்? ஸுஹைர் கேட்டான்.

லெவின் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது வைத்தியர் பேச்சுத்தான் செல்லும் என்றார். உயிரின் பக்கம் நின்று பேசினால்தான் நோயாளியின் வாய்க்கு மதிப்பு. அந்த இடத்தில் சாப்பிடுவது சலுகை இல்லை, கட்டளை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இதெல்லாம் பெரியவர்கள் சொன்னது, என் மனைவி கேட்பாள் என்று நினைக்காதே என்றார்.

அன்றிரவு நோன்பு திறந்த பிறகு இதைச் சொன்னபோது றஹ்மா சிரித்தாள். சிரிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது.

“மௌலவி காணாதெண்டு யஹூதிட்டயும் போய்க் கேட்டீங்களா? இனிப் பாதிரியார்ட்டயும் ஒருக்காப் போய்ப் பாருங்க.”

ஆனால் கட்டளை என்ற சொல் அவனுக்குள் கிடந்தது. நோன்பு பிடிக்கவே கூடாது என்று தங்களுக்கும் கட்டளை உள்ள நாள் உண்டு. பெருநாள் தினம். இருபத்தொன்பதாம் நோன்பன்று பாக்கியரத்தினம் டொக்டர் அவளுடைய கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, அவனை வாசலுக்குக் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாளைக்கு இப்படி விடாதேங்கோ என்றார். றஹ்மாவின் உம்மா, மாமி மைமூனா, பெருநாள் அலுவலாகத் தோணியில் கிண்ணியாவுக்குப் போயிருந்தா. வீட்டில் வேறு ஆள் இல்லை.

கஞ்சிக் கோப்பையையும் தேத்தண்ணிக் கோப்பையையும் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

“றஹ்மா, இண்டைக்குப் பெருநாள். கொழும்பில பிறை கண்டதாம். இப்பதான் செய்தி வந்தது.”

அவள் கண்ணைத் திறந்தாள். நேரம் எடுத்து அவனைப் பார்த்தாள்.

“பள்ளில பெருநாள் தக்பீர் கேக்கல்லையே.”

“காத்து மற்றப் பக்கம் அடிக்குது.”

தூக்கி இருத்தினான். மூன்று மிடறு கஞ்சி குடித்தாள். மருந்துக் குளிசையையும் விழுங்கினாள். அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று தானும் குடிக்க அவன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் கோப்பையை வைத்துவிட்டான். பிறகு அவள் தூங்கினாள். ஒன்பதரைக்கு மருந்து கொடுக்க எழுப்பியபோது எழும்பவில்லை; மூச்சு நின்றிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேறு ஆட்கள் செய்தது. துறையடிக்கு ஆள் போய், கிண்ணியா தோணியில் மாமிக்குச் செய்தி போனது. மையித்துக் குளிப்பாட்டும் அசனா ராத்தா வந்தா. மற்றப் பெண்கள் வருமுன் அவ பாயடியில் இருந்த இரண்டு கோப்பைகளையும் எடுத்தா. ஒன்று கஞ்சி ஒட்டியது. மற்றது தேத்தண்ணி ததும்ப அப்படியே இருந்தது. அவனை ஒருதரம் பார்த்துவிட்டு இரண்டையும் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்தா.

மாமி வந்தா. அழுகையின் நடுவே, வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், என்ட மகள் நோன்போட மவுத்தானவ, யாருக்குக் கிடைக்கும் இது என்று சொன்னா. அசனா ராத்தா கபன் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். லெவின் துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி மதிலோடு நின்றார். ஆட்கள் கலைந்த பிறகு, திரும்பி நடக்கும் வழியில், ஸுஹைர் மௌலவியிடம் நடந்ததைச் சொன்னான். ஐந்து வசனம்கூட ஆகவில்லை.

மௌலவி நடையை நிறுத்தாமல் சொன்னார்:

“அவ நோயாளி. சலுகை இருந்தது. அவவுக்கு ஒரு குற்றமுமில்ல. பொய் மட்டும் உங்கட.”

“ஓம்.”

“அவ நம்பினாவா?”

ஸுஹைர் நடையைக் கூட்டினான்.

சூரியன் மறைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். மாமி ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தா. வாயில் வைத்தபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது, அன்று காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை, தன் நோன்பு முழுசாக இருந்தது என்று. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

“மகன், கடைசியா அவ என்ன சொன்னா?” மாமி கேட்டா. “கலிமா சொன்னாவா?”

“ஓம், மாமி. சொன்னா.”

மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டா. ஸுஹைர் கொட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

காலையில் அவன் தேத்தண்ணிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோனபோது றஹ்மா கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்குப் பலம் இருக்கவில்லை. ஆனால் பிடித்தாள்.

“நீங்க குடிக்காதீங்க,” என்றாள். “உங்களுக்கு இன்னும் ஒரு நோன்புதானே இருக்கு.”