கடைசி அத்தியாயத்தில் செத்துப்போன நாய்

1

இந்தக் கதை எனக்குக் கால்நடை மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பூனைக்கு ஊசி போடப் போயிருந்தேன். எதிரே ஓர் அம்மாள். காலடியில் கிழட்டுக் கறுப்பு நாய், ஒரு காது மட்டும் வெள்ளை. அந்தக் காதைப் பிரபல எழுத்தாளர் ஒருவரின் புத்தக அட்டையில் பார்த்திருக்கிறேன். தன் நாயைப் பற்றிய உண்மைக் கதை என்று அவர் எழுதியது. கடைசி அத்தியாயத்தில் அவர் மடியிலேயே மிளகு என்ற அந்த நாய் உயிரைவிடும். ஊரே அழுதது, நானும்தான்.

"அந்த மிளகு மாதிரியே இருக்கு," என்றேன்.

"மிளகேதான். அதை எழுதினவனுக்கு நான் அக்கா."

"அது செத்துப்போச்சே?"

"புஸ்தகத்துல," என்றார்.

2

நான் மிளகு. என் எஜமானர் ஒரு மேதை. அவர்…

(நாயின் வாயால் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். மேதை என்றால் நாய்க்கு என்ன தெரியும்?)

மிளகுக்குத் தெரிந்தது மேசைக்கடியில் இரண்டு பாதங்கள். எழுத்து ஓடினால் வலது குதிகால் ஆடும். ஓடாவிட்டால் அந்தக் கால் மிளகின் முதுகில் வந்து படுத்துக்கொள்ளும். எழுத்து வராத நாட்களே மிளகுக்குப் பிடிக்கும்.

படம் எடுக்க யாராவது வந்தால் அவர் மடியில் இடம் கிடைக்கும். அவர்கள் போனதும் தரைதான்.

பிறகு ஒரு வாரம் குதிகால் நிற்கவே இல்லை. நடுநடுவே அவர் குனிந்து மிளகைப் பார்த்தார், துணிக்கு அளவெடுப்பவர்போல. மிளகு தட்டில் இருந்ததை மோந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

(இங்கே சாப்பாட்டைச் சந்தேகப்படுவது நாயா, நானா? தெரியவில்லை. இருக்கட்டும்.)

3

"புஸ்தகம் வந்ததும் வீட்டுக்கு ஆளுங்க துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. இது வாலாட்டிக்கிட்டு முன்னாடி போய் நின்னா என்ன ஆகும்? என்கிட்ட கொண்டுவந்து விட்டுட்டான்," என்றார் அக்கா. "ஏன்டா இப்படி எழுதினேன்னு கேட்டேன். அழுகை நல்லா வந்துச்சுக்கா, நிறுத்த முடியலைன்னான்."

"அப்புறம் வந்து பாக்கவே இல்லையா?"

"ஒரு தடவை வந்தான். காரை விட்டு எறங்கல. இது ஓடிப்போய்க் கதவுல முன்னங்காலை வச்சுது. கண்ணாடிய ஏத்திட்டான். உள்ள உக்காந்து அழுதான். நிஜமா அழுதானா, அடுத்த புஸ்தகத்துக்கு அழுதானான்னு கூடப்பொறந்த எனக்கே தெரியல."

4

மருத்துவர் மிளகைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனி அதிக நாள் இல்லை என்றார். அக்கா அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார், எல்லாருக்கும் கேட்கும்படி.

முடிவு ஒன்று: அவர் ஓடோடி வந்து மிளகை மடியில்… வேண்டாம். இது அவர் எழுத்து.

முடிவு இரண்டு: மிளகுக்கு அந்தக் குரலே மறந்துபோய்… இது என் ஆத்திரம்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா விஷயத்தைச் சொன்னார். "எத்தனை நாள் தாங்குமாம்?" என்றார் எழுத்தாளர்.

துக்கமா, கணக்கா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இரண்டும் கேட்கிறது. மிளகுக்கு அந்தக் குழப்பம் இல்லை. குரல் கேட்டதும் தள்ளாடி எழுந்து வாசலைப் பார்த்து நின்றது.

வாசலில் யாராவது வந்தார்களா என்பதை நான் எழுதப் போவதில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சாகடிக்க மட்டும் வேண்டாம். ஒருமுறை ஆயிற்று.