இரண்டாவது கோடு

என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. “அவசரக்குடுக்கையைக் கண்டுபிடிச்சவங்க” என்றால் எங்கள் வானியல் துறையில் தெரியாதவர் இல்லை. பிரபஞ்சம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே வளர்ந்து முடித்துவிட்ட ஒரு கேலக்ஸிக்கு நான் வைத்த செல்லப்பெயர் அது. அவ்வளவு சீக்கிரம் ஒரு கேலக்ஸி வளர முடியாது என்பார்கள். முடியும் என்று நான் சொன்னேன். ஆறு வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அது தப்பு என்று தெரிந்தது.

கேலக்ஸியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கோடுகள் தெரியும். கோடு எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுவோம். ஆறு வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோடு. அது ஹைட்ரஜன் என்றால் கேலக்ஸி வெகு தொலைவில், வெகு பழைய காலத்தில். ஆக்சிஜன் என்றால் பக்கத்திலேயே, தூசி மூடிச் சிவந்துபோன சாதாரண கேலக்ஸி. நான் ஹைட்ரஜன் என்றேன். இப்போது பெரிய தொலைநோக்கியிலிருந்து வந்த புதிய பதிவில், ஆக்சிஜனாக இருந்தால் எங்கே வர வேண்டுமோ சரியாக அங்கே இரண்டாவது கோடு ஒன்று நின்றது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மூன்று முறை கணக்குப் போட்டேன். கோடு நகர்வதாக இல்லை. அவசரக்குடுக்கை நான்தான்.

வெள்ளிக்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு. பதினோரு வருடம் இரண்டிரண்டு வருட ஒப்பந்தத்தில் ஓட்டியவளுக்கு முதல்முறையாக ஒரு நிரந்தர வேலை வாசல் வரை வந்திருந்தது. கிடைத்தால் கணவரும் மகளும் இந்த ஊருக்கே வந்துவிடுவார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கும் குடும்பம் எங்களுடையது.

எங்கள் ஆய்வு மைய இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“உங்ககிட்டதான் சார் முதல்ல.”

“வெள்ளிக்கிழமை முடியட்டும். அடுத்த திங்கக்கிழமைதான் நீங்க இந்தப் பதிவையே பார்த்தீங்கன்னு வச்சுக்குவோம். பொய் சொல்லச் சொல்லலைம்மா. பேசாம இருங்கன்னுதான் சொல்றேன்.”

அவசரக்குடுக்கையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆறு வருஷமா மைக் வச்சுச் சொன்னதை இப்ப மென்னு முழுங்கச் சொல்றீங்களா சார்?”

“பிழைக்கத் தெரியாதவங்க நீங்க,” என்றார்.

மாலை கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “தேர்வுக் குழுவில யார் யாரு?” என்று கேட்டார்.

“தூசி இருக்கார்.”

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். யார் எதைக் கண்டுபிடித்தாலும் “நடுவுல தூசி இருக்கும்” என்று சொல்லும் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஆறு வருடத்துக்கு முன் என் கேலக்ஸியையும் அப்படித்தான் சொன்னார். “கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார்” என்று நான் மேடையிலிருந்து சொல்ல, அரங்கமே சிரித்தது.

“அந்த ஆளு முன்னாடியா சொல்லப்போற?”

“அவர் முன்னாடிதான் சொல்லணும்.”

“சரி, சொல்லு. ரயில் எங்களுக்குப் பழகிடுச்சு,” என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் முன்னால் இரண்டாவது கோட்டைத் திரையில் போட்டேன். நான் சொன்னது தப்பு, தூசி என்று அன்றே சொன்னவர் சரி என்றேன். தூசி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“உங்களைக் கூப்பிட்டதே அந்தக் கேலக்ஸிக்காகத்தான்,” என்றார் குழுத்தலைவி. “அதுவும் இல்லைன்னா மிச்சம் என்ன இருக்கு?”

“ஒரே கோட்டை வச்சு தூரம் சொன்ன கேலக்ஸி இருநூத்துச் சொச்சம் இருக்கு மேடம். இங்க இருக்கிற எல்லார் கட்டுரையிலும் இருக்கு. எத்தனை நிஜம்னு ஒண்ணொண்ணா பார்க்கப்போறேன். வேலை குடுத்தாலும் பார்ப்பேன், குடுக்கலைன்னாலும் பார்ப்பேன்.”

யாரோ இருமினார்கள்.

“என்னோடது ஒன்பது இருக்கு,” என்றார் தூசி.

“தெரியும் சார். அதுலதான் ஆரம்பிப்பேன்.”

புதன்கிழமை கடிதம் வந்தது. வேலை இல்லை. கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒப்பந்தம் இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் தூசியிடமிருந்து மின்னஞ்சல். வணக்கம் இல்லை, ஆறுதல் இல்லை. ஒன்பது கேலக்ஸிகளின் பதிவுகளையும் அப்படியே அனுப்பி, “பாருங்க” என்று ஒரு வார்த்தை. மூன்று நன்றாகவே இருந்தன. நாலாவது அவருக்கு விருது வாங்கித் தந்தது. அதில், பதிவில் கலந்திருந்த இரைச்சலுக்குள் முக்கால்வாசி புதைந்து, இரண்டாவது கோடு இருந்தது. மத்தியானம் வரை உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு போனை எடுத்தேன்.

வாசலில் நின்ற இயக்குநர் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “அடுத்த தடவை குழுவுக்கு அவர்தான் தலைவர். தெரியுமில்ல?”

“அதுக்குள்ள அவருக்குக் கோவம் ஆறிடும் சார்.”

மறுமுனையில் தூசி எடுத்துவிட்டார்.

“சார், நாலாவதுல ரெண்டாவது கோடு இருக்கு,” என்றேன்.