இத்ரூஸ் முதலாளி இருமுறை வாசித்த கடிதம்

1

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. இலங்கை மலையகத்து ஹாலிஎலயில் பஸ்ஸுக்கு நின்றபோது முன்னால் இருவர் பேசிக்கொண்டார்கள். பாதிதான் காதில் விழுந்தது, மீதியை நானே சேர்த்தேன். பிறர் கடிதத்தை உடைப்பவர்களைப் பற்றிய கதைக்கு இது நல்ல தொடக்கமல்ல.

2

முதல் வரைவு: “1974. பதுளை நகரை மூடுபனி…” (வேண்டாம். பனியை விட்டால் இவனுக்கு வேறொன்றும் தெரியாது என்பார்கள்.)

இரண்டாவது: பதுளை பஸாரில் இத்ரூஸ் முதலாளிக்குப் புடைவைக் கடை. தேயிலைத் தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸைத் தாண்டித்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் என்பதால், விவரமானவர்கள் அவர் கடை முகவரிக்கே கடிதம் போடச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். எழுத்தறியாதவர்களுக்கு அவரே உடைத்து வாசிப்பார், பதிலும் எழுதித் தபாலில் சேர்ப்பார். சும்மாதான். சீத்தைத் துணி ஒரு கெஜம் வாங்கினால் சந்தோஷம்.

அவசரகாலச் சட்டம் வந்தபின், வியாழக்கிழமைகளில் சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ் மாத்தயா வரத் தொடங்கினார். வருகிற கடிதம், போகிற கடிதம் இரண்டையும் அவருக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. கேத்தல் ஆவியில் உறையைத் திறந்து இத்ரூஸே சிங்களத்தில் சொல்ல வேண்டும். மறுத்தால் கடைக்குப் பூட்டு. இத்ரூஸ் சொன்னார். [அவரை நல்லவராக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கேத்தல் கொதித்துவிட்டது.]

* அடிக்குறிப்பு: 72ஆம் ஆண்டு அரசியல் யாப்பு பேச்சுரிமை முதலானவற்றைப் பிரஜைகளுக்குத் தந்தது. அடுத்து வரப்போகும் இராக்கம்மா, தோட்டத் தமிழர் பலரைப் போல நாடற்றவள், பிரஜை இல்லை. ஆகவே அவளுடைய உரிமை எதுவும் மீறப்படவில்லை. சட்டம் படித்த நண்பர் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

3

இராக்கம்மா கொழுந்து பறிப்பவள். அவள் மகன் சின்னராசா, தோட்டத்துக்கு வரும் கூப்பன் கோதுமை மா பின்கதவால் போகிறது என்று கொழும்புக்குப் பெட்டிசம் போட்டவன். மாவை யாரும் தேடவில்லை, அவனைத் தேடினார்கள். வவுனியாப் பக்கம் ஓடிவிட்டான்.

அந்த ஞாயிறு அவள் கடைப்படி ஏறியதும் இத்ரூஸ் மரியாதைக்கு விசாரித்தார்.

“வாங்க இராக்கம்மா. மகனுக்குப் பொம்பளப் புள்ளயாமே.”

அவள் மேசையில் ஒட்டியபடியே இருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“இன்னும் ஒடைக்கலியே மொதலாளி.”

இத்ரூஸுக்கு (இங்கே ஒரு அழகான வாக்கியம்…) வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். குழந்தையைக் காட்ட அடுத்த ஞாயிறு பண்டாரவளை ரயில் ஸ்டேஷனுக்கு வருவதாக மகன் எழுதியிருப்பதையும், மாத்தயா அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போனதையும் சொன்னார்.

அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதுங்க மொதலாளி. ஏப்பா சின்னராசா, வராத. நம்ம காயிதத்த ஒடச்சிப் பாக்குறாங்க. வாசிச்சிக் குடுக்கிறது இத்ரூஸ் மொதலாளி.”

“என்ட பேரையும் போடணுமா?”

“நீங்கதான வாசிச்சீங்க.”

எழுதினார். தன் பெயரையும் எழுதினார்.

“வாசிச்சிக் காட்டவா?”

“எத்தன பேருக்குத்தான் வாசிப்பீங்க.”

4

முடிவு அ: கடிதம் வழக்கம்போல வியாழன்வரை மேசையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்குள் வவுனியா போய்ச் சேராது.

முடிவு ஆ: எதிரே தபால்பெட்டி. இத்ரூஸ் இப்போதே… (எழுதி அடித்துவிட்டேன். பூட்டப்படப்போவது என் கடையல்ல. அடுத்தவர் தலையில் தைரியத்தை ஏற்றிவைப்பது எனக்கு மிகச் சுலபம்.)

இத்ரூஸ் உறையை ஒட்டினார். எழுந்திருக்கவில்லை. இராக்கம்மாவும் எழுந்திருக்கவில்லை.

“போட்டுட்டு வாங்க மொதலாளி. நான் கடையப் பாத்துக்கிறேன்.”

இதற்குமேல் எழுத மாட்டேன். அந்தக் கடிதத்தில் இருப்பதை அறிந்தவர்கள் இப்போது இத்ரூஸ், இராக்கம்மா, நான், நீங்கள். வியாழக்கிழமை மாத்தயா உங்களிடமும் கேட்கலாம். என்ன சொல்வதென்று யோசித்து வையுங்கள்.