இறக்கையில் பூ விழுந்த கொக்கு

ஆத்தங்குடியில் தரைக்குப் போடும் பூக்கல் பட்டறையில் நானும் பெத்தனும் வேலை பார்த்தோம். அறுபத்தெட்டுக் கோடையில் பெத்தன் கண்மாயில் கண்ணி வைத்து ஓர் உண்ணிக்கொக்கைப் பிடித்து வந்தான். குழம்புக்குத்தான். ஆனால் ஒற்றைக் கொக்கு எந்த வாய்க்குக் காணும்? அவன் அதைப் பலகையில் அழுத்திப் பிடிக்க, இடது இறக்கையை விரித்துப் பித்தளை அச்சை வைத்து, சிவப்புச் சிமெண்டுக் குழம்பை ஊற்றினேன். கல்லில் விழுவதுபோலவே நாலிதழ்ப் பூ விழுந்தது. காயவைத்துக் கண்மாயில் விட்டோம்.

“வாத்தியாருக்குப் புதுப் பொண்டாட்டிடா” என்றான் பெத்தன்.

வாத்தியார் சத்தியமூர்த்தி கும்பகோணத்துக்காரர். விடிந்தால் பைனாகுலரோடு கண்மாய்க் கரையில் நிற்பார். அதனால் ஊருக்கே கொக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நிற்கும். யாரும் எழுதாத பறவை ஒன்றைக் கண்டு எழுதிவிட்டால் இந்தச் சிரிப்பு அடங்கிவிடும் என்று நம்பினார்.

மூன்றாம் நாள் டீக்கடைக்கு ஓடி வந்தார்.

“நாகநாதா, புத்தகம் பூராவும் பார்த்துட்டேன்யா. இப்படி ஒரு கொக்கு இல்லவே இல்லை!”

நோட்டை நீட்டினார். அச்சு அசலாக எங்கள் பூ. எந்தச் செட்டியாரும் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. அங்கே எங்கள் கல் பாவிய தரையைப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

“நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் சார்” என்றேன்.

“காலேசுக்கு எழுதிப் போடுங்க. ஒங்க பேரையே வச்சிருவாக” என்றான் பெத்தன். கடையில் இருந்தவர்கள் கிளாசுக்குள் சிரித்தார்கள்.

எழுதினார். பத்தாம் நாள் மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அதற்குள் கொக்குக்குப் பறக்கிற தெம்பு போய்விட்டது. கனத்த இறக்கை தரையில் இழுபட, கரையில் நடந்துகொண்டிருந்தது. துண்டைப் போட்டு நான்தான் பிடித்துக் கொடுத்தேன். இரை எடுக்காமல் எலும்பாகிக் கிடந்தது. வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்திருந்தது.

பேராசிரியர் பூவை நகத்தால் சுரண்டினார். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

“இது சிமெண்டு, சார்.”

கரையே சிரித்தது. பெத்தன் கத்தினான்: “இந்தப் பூ வேணாம்னா தாமரை அச்சும் இருக்கு சார்!”

பேராசிரியர் வந்த ஜீப்பிலேயே போய்விட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

“யாருய்யா செஞ்சது?”

“தெரியலீங்க சார்.”

“கொக்குக் காலைப் பிடிச்சுக்கோ.”

உட்கார்ந்து சிமெண்டைப் பெயர்க்க ஆரம்பித்தார். இறகும் தோலும் சேர்ந்து வந்தன. பிழைக்க வைக்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். கடைசிச் சில்லும் வந்தது. வலது இறக்கையை விரித்தார். அதில் ஒரு பொட்டுச் சிமெண்டு கிடையாது. வெள்ளை இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கொக்கு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

“மொளகா அரைக்கச் சொல்லவா சார்?” என்றான் பெத்தன். இந்தத் தடவை ரெண்டு பேர்தான் சிரித்தார்கள்.

“சார், போதும் சார்” என்றேன்.

“ஆடுதுய்யா. கெட்டியாப் பிடி” என்றார்.

பிடித்தேன்.