கையுறை வராத கண்காட்சி

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அதில் பதினொரு வருஷம் என் புருஷன் வீரபாண்டி துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் கமுதிக்கு வருவார், சோப்பையும் சாக்லேட்டையும் இறக்கிவைப்பார், திரும்பிப் போய்விடுவார். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "கார்பெண்டர் வேலைதான் புள்ள" என்பார். கதவு செய்கிறாரா, கட்டில் செய்கிறாரா? கேட்டால் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷனைப் பதினொரு வருஷம் பிடித்து வைத்துக்கொண்ட வேலை எது என்று அவன் பெண்டாட்டி பார்க்க வேண்டாமா?

அதைப் பார்த்துவிடுவது என்றுதான், முப்பது நாள் விசிட் விசா வந்ததும் மகள் சந்தியாவை அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அது செப்டம்பர் பாதி. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி திரும்ப டிக்கெட்.

அவர் இருக்கும் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் பெண்களைத் தங்கவிட மாட்டார்கள். தேராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் காதர் மைதீன் பாய், கடைக்கு மேலிருந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அந்த அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் முதன்முதலாக என் புருஷன் தன் வேலையைப் பற்றி வாயைத் திறந்தார்.

"மியூசியத்துல சாமான் கண்ணாடிக்குள்ள நிக்கும்ல, அது விழாம நிக்க ஸ்டாண்டு செய்யணும். அதான் நம்ம வேலை. இந்தத் தடவ என்ன வருது தெரியுமா? நிலாவுக்குப் போயிட்டு வந்த கையுறை! அமெரிக்காவுலேருந்து வருது. அதுக்கு ஆறு வாரம் உக்காந்து ஸ்டாண்டு செஞ்சிருக்கேன். அது ஏறி நிக்கிறதப் பாத்துட்டுத்தான் நீ ஊருக்குப் போற."

அக்டோபர் ஆறாம் தேதி கண்காட்சி திறப்பு. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் கடைசியில் கையுறைப் பெட்டி வந்தது. கூடவே ஓர் அமெரிக்க மேடமும் வந்தார். பெட்டியை அனுப்பிய அரசு மியூசியத்து ஆள் அவர். அவர் முன்னால்தான் பெட்டியின் முத்திரையை உடைக்க வேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையுறை ஸ்டாண்டில் ஏறும். அதற்கும் முன்னால் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைத் தொடாமல் வைக்க வேண்டுமாம், இந்த ஊர்ச் சூடு அதற்குப் பழக வேண்டுமாம். நான் வந்து இறங்கிய அன்றைக்கே ரசம் வைக்கச் சொன்ன மனுஷன், அந்தக் கையுறைக்கு ஓய்வு வேண்டும் என்று என்னிடம் விளக்கினார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி மதியமே அறைக்குத் திரும்பி வந்துவிட்டார். முகம் செத்துக் கிடந்தது.

"அமெரிக்காவுல கவர்மெண்ட்ட மூடிட்டாங்க."

"கவர்மெண்ட்ட எப்படிங்க மூடுவாங்க? அது என்ன டீக்கடையா?"

"பட்ஜெட்டு பாஸாகலையாம். மியூசியத்து ஆளு, ராக்கெட்டு விடுற ஆளு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. மேடத்துக்கும் மெயில் வந்துருச்சு. பெட்டியத் தொடக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. சம்பளம் வேணாம், சும்மா செஞ்சு குடுக்கிறேன்னு சொன்னாலும் கூடாதாம். அது குத்தமாம்."

கடையில் உட்கார்ந்திருந்த காதர் மைதீன் பாய்க்கும் இதைச் சொன்னோம். அவர் கவலையோடு கேட்டார்: "அந்தம்மாவுக்கு கஃபீல் யாரு?" கஃபீல் என்றால் இங்கே விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி.

"அவங்க கவர்மெண்ட்தான் பாய்."

"யா அல்லா! கஃபீலே கடையச் சாத்திட்டானா! அப்ப நம்ம பாடு தேவலையே தம்பி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் புருஷனுக்கு வரவில்லை.

மேடத்தால் ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. அவர் டிக்கெட்டை மாற்றிக் கொடுக்க வேண்டிய அதிகாரியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தினமும் இந்த ஊர் மியூசியத்து கேண்டீனில் வந்து உட்கார்ந்துகொள்வார். என் புருஷனைக் கண்டால், "பெட்டி நல்லா இருக்கா?" என்பார். உடனே, "நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க" என்பார். விசா மாறுகிற சமயத்தில் சுத்தியலைத் தொட்டாலே வம்பு என்று பயந்துகொண்டு கேம்ப்பில் இரண்டு மாதம் சும்மா கிடந்தவர் இவர். அதனால் மேடத்தின் நிலைமை மியூசிய அதிகாரிகளைவிட இவருக்கு நன்றாகப் புரிந்தது. பாவமாக இருக்கிறது என்று சொல்லி, என்னைப் புளியோதரை செய்யச் சொல்லி எடுத்துப்போனார். டப்பா கழுவி வந்தது, உள்ளே பேரீச்சம்பழம். அன்றிலிருந்து எனக்கு அந்த மேடத்தைப் பிடித்துப்போயிற்று.

குறித்த தேதியில் கண்காட்சியைத் திறந்துவிட்டார்கள். பெரிய மனிதர்களை அழைத்தாயிற்று, தள்ளிப்போட முடியாது. விளக்கு சரிபார்க்க ஸ்டாண்டை முன்பே கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கையுறை வரும்வரை அதன்மேல் ஒரு கறுப்புத் துணியாவது போடலாம் என்று இவர் கெஞ்சினாராம். "கலாஸ், போதும், அப்படியே இருக்கட்டும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். 'விரைவில்' என்று ஒரு அட்டை மட்டும் வைத்தார்கள்.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விசாவை நீட்டலாமா என்றார். எத்தனை நாளைக்கு? மூடினவர்களுக்கே எப்போது திறப்போம் என்று தெரியாதபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளையை விட்டுவிட்டு நான் இங்கே எப்படி உட்கார்ந்திருப்பது?

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் சொன்னேன், "என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

"வெறும் ஸ்டாண்டப் பாக்கவா? அம்மணமா நிக்கிது புள்ள. மானம் போவுது."

"உங்க மானம் எங்கிட்டதான போவுது, போகட்டும். கிளம்புங்க."

ராக்கெட், விண்வெளி உடுப்பு எல்லாம் தாண்டி உள்ளே போனோம். ஓரமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. இவர் நான்கடி பின்னாலேயே நின்றுவிட்டார், வேறு யாரோ செய்ததைப்போல. நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

பித்தளைக் கம்பியில் ஐந்து விரல். ஒவ்வொரு மூட்டிலும் மெல்ல வளைத்து, மேலே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் பாதி மூடியும் மூடாமலும். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் விலகி. தூங்கும்போது இவர் இடது கை இப்படித்தான் கிடக்கும். லீவில் வந்த நாட்களில் எல்லாம் விடிகாலையில் முழித்து நான் பார்த்துக்கொண்டிருந்த கை. ஊருக்குப் போய்விடுவாரே என்று எண்ணிக்கொண்டு பார்த்த கை.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சர் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாஃபி, மாஃபி! யல்லா!" என்று கையை வீசினார். மாஃபி என்றால் இல்லை என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவைத்திருந்தேன்.

"என்னம்மா மாஃபி? கண்ணு தெரியலையா? ஒரு கை நிக்கிதே, அது என்ன?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தன. காவலாள் நெருங்கினார். இவர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார். எனக்கு அழுகையாக வந்தது, மறைக்கவில்லை.

"அது உங்க கைதான?" என்றேன்.

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "கையுறை போட்டோவுல வெரல் நீளம்தான் இருந்துச்சு. எம்புட்டு மடங்கணும்னு தெரியல. கைய மேச மேல சும்மா போட்டு, அதப் பாத்து வளைச்சேன். மேனேஜருக்குத் தெரியாது, பேசாம வா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு மற்றவர்களைப்போலப் பார்க்க வந்திருக்கிறார். நான் ஏன் சத்தம் போட்டேன் என்று கேட்டார். இவர் அரைகுறை ஆங்கிலத்தில் திணறித் திணறிச் சொன்னார். மேடம் குனிந்து ஸ்டாண்டை ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பிறகு இவர் இடது கையை நீட்டச் சொல்லி அதையும் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாங்க?"

"வேல நாளா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ருப்பாங்களாம். இன்னைக்கு அவங்க சும்மா பாக்க வந்த ஆளாம்." என்றார். "அதனால போட்டோ வேணா எடுத்துத் தாரேங்கறாங்க."

நடுவில் அந்தக் கை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மேடம்தான் எடுத்தார்.

நவம்பர் பாதியில் அமெரிக்காவில் கவர்மெண்ட்டைத் திறந்துவிட்டார்கள். மேடம் முத்திரையை உடைத்தார், கையெழுத்துப் போட்டார், கையுறை ஏறிவிட்டது. என் புருஷன் படம் அனுப்பினார். கூடவே குரலும் வந்தது: "இப்பப் பாரு புள்ள. ஸ்டாண்டு இருக்கிறதே தெரியல."

படம் அழகாகத்தான் இருந்தது. தடித்த வெள்ளைக் கையுறை, பாதி மூடிய விரல்கள், சுற்றி நின்று பார்க்கிற கூட்டம். நிலாவுக்குப் போனவருடைய கை என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உள்ளே இருப்பது என் புருஷன் கை.