மூன்றாவது மாடி, ஜன்னலோர இருக்கை

டெல்லி துவாரகாவில் வாங்கவிருந்த ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

ஜெகனின் பயம் வேறு. 2022-இல் பதினோரு மாதம் அவனுக்கு வேலை இல்லை. மனைவி தமிழ்செல்வியிடம் அதை மறைத்தான். லோதி ரோட்டில் ஒரு கன்சல்டன்சி, மூன்றாவது மாடி, ஜன்னலோர இருக்கை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, தினமும் டிபன் பாக்ஸோடு போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவள் அவள்தான். "உங்களுக்கு எந்த வருஷம் எங்க வேலை பாத்தீங்கன்னே ஞாபகம் இருக்காது" என்று சொல்லி, அந்தக் கன்சல்டன்சியையும் எழுதி அனுப்பிவிட்டாள்.

வங்கியிலிருந்து கடன் அதிகாரி சுஷ்மா போனில் கூப்பிட்டாள்.

"பைக் லோன்ல அப்போ மூணு தவணை கட்டலை. வேலையும் இல்லாம இருந்திருந்தா ஃபைலை மூடியிருப்போம். அச்சா, வேலை இருந்திருக்கு. எங்க ஆள் நேர்ல போய் விசாரிச்சுட்டார். ஜன்னல் பக்கம் உங்க சீட்டைக்கூட காட்டினாங்களாம். அங்கேர்ந்து ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க."

ஜெகன் அன்றே போனான். கட்டடம் இருந்தது. மூன்றாவது மாடியும் இருந்தது. மேனேஜர் கோபாலன் நிமிர்ந்து பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதற்காகக் கடிந்துகொண்டார். ஜன்னலோர மேஜையில் ஒரு டிபன் பாக்ஸ். பூங்காவில் அவன் தொலைத்ததுதான். மூடியில் தமிழ்செல்வி பாத்திரக்கடையில் வெட்டி வாங்கிய 'த.செ.' தேயாமல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே அந்தப் பூங்கா பெஞ்ச் தெரிந்தது. காலியாக இருந்தது.

கோபாலன் கடிதத்தை நீட்டினார். "இங்க வேலை பாத்தேன்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும். போட்டா அப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாது."

கையெழுத்திடாவிட்டால் ஃப்ளாட் போகும். தமிழ்செல்விக்கும் எல்லாம் தெரிந்துவிடும். ஜெகன் கையெழுத்திட்டான்.

வெள்ளிக்கிழமை கடன் உறுதியானது. தமிழ்செல்வி தெருவுக்கே லட்டு கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெகன் குளித்துவிட்டு வந்தபோது அவள் வாடகை வீட்டின் பால்கனியில் நின்றிருந்தாள். கீழே டிபன் பாக்ஸோடு ஒருவன் மெட்ரோ பக்கம் நடந்துகொண்டிருந்தான். அந்தச் சட்டை ஜெகனுடையது. நடையும்தான்.

"சாயங்காலம் ஜல்தியா வந்துடுங்க," என்று அவள் கீழே பார்த்துச் சொன்னாள்.

ஜெகன் பின்னால் நின்று அவளைக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அவனைத் தாண்டி சமையலறைக்குப் போனாள்.

அவனுக்குப் போக ஓர் இடம்தான் தெரியும். போனபோது பெஞ்ச் காலியாகவே இருந்தது.